செம்மண்ணும் கடுக்காயும் ஒரு வைரஸும்

உளுந்தூர்பேட்டையில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் சேலம் சாலை. தியாகதுருகம் கோட்டைக் குன்றைத் தாண்டியதும் வலப்பக்கம், கரும்புத் தோட்டங்களுக்கு அப்பால், நீளவாக்கில் ஒரு நீலம் தென்படும். அதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாதுக்குத் தெற்கே, சேர்வராயனுக்குக் கிழக்கே கிடக்கிறது. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இதைப் பேருந்து ஜன்னலோரம் பார்த்துவிட்டுக் கடந்துபோவார்கள்.

என் பையில் மாற்றுத் துணியோடு சில ஆய்வுக் கட்டுரைகளின் நகல்களும் இருந்தன. ஆண்டிபயாடிக் மருந்துகள் ஆய்வகத்தில் ஹெச்.ஐ.வி. பெருகுவதை எப்படி மறிக்கின்றன என்பது பற்றியவை. மலை பார்க்கப் போகிறவன் படிக்கிற சமாச்சாரமா இது என்று பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். சின்னசேலத்துக்காரர், மரவள்ளி வியாபாரம். விஷயத்தைச் சொன்னேன். உடனே கேட்டார்: “ஏன் சார், வைரஸ் காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் கேக்காதுன்னு டாக்டருங்களே சொல்றாங்களே. அப்புறம் இது எப்படி?”

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். பாக்டீரியாவுக்கு வெளிச்சுவர் உண்டு. புரதம் தயாரிக்கச் சொந்தமாக ரைபோசோம் உண்டு. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்ட விடாது. டெட்ராசைக்ளின் ரைபோசோமை முடக்கும். வைரஸிடம் இவை எதுவுமே கிடையாது. மனித செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். ஆகவே சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆண்டிபயாடிக் கேட்காது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சில ஆண்டிபயாடிக்குகளுக்கு, பாக்டீரியாவைக் கொல்வது தவிர இன்னொரு வேலையும் தெரிந்திருக்கிறது. அது தற்செயலாக ஹெச்.ஐ.வி.யின் வழியில் குறுக்கிடுகிறது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கள்ளக்குறிச்சி வந்துவிட்டது.

இந்தச் சேலம் சாலை லாரிச் சாலை. இரவில் நின்று பார்த்தால் விளக்கு வரிசை அறுபடாது. 1990-களில் தமிழ்நாட்டில் ஹெச்.ஐ.வி. பரவிய கதையைச் சொன்னவர்கள் எல்லோரும் நெடுஞ்சாலைகளையும் நாமக்கல் போன்ற லாரி ஊர்களையும் திரும்பத் திரும்பக் குறித்தார்கள். அந்தப் பழியில் பாதி அநியாயம் என்பது என் எண்ணம். சாலையோரம் நிறுத்திப் பரிசோதிக்க எளிதாகக் கிடைத்தவர்கள் ஓட்டுநர்கள். காரில் போனவர்களை யாரும் நிறுத்தவில்லை. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. பின்னால் சுவரெங்கும் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தின் கற்பனை ஆசாமி புள்ளிராஜா வந்தார். நாற்பது வயதைக் கடந்த தமிழர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும். சிரிப்போடு நோயின் பெயரும் வீட்டுக்குள் வந்தது. அது சின்ன விஷயமல்ல.

காலையில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போனேன். மக்காச்சோளமும் நெல்லும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வியாபாரி ஒவ்வொரு மூட்டையாகக் கொட்டிப் பார்ப்பதில்லை. வாய் அவிழ்த்த மூட்டையில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து முடிவுக்கு வந்துவிடுகிறார். நம் உடலின் செல்களும் இதைத்தான் செய்கின்றன. உள்ளே தயாராகும் புரதங்களில் சிறு துணுக்குகளை எம்.ஹெச்.சி. என்ற மூலக்கூறில் ஏந்தி வெளிப்பரப்பில் மாதிரியாகக் காட்டும். கொலையாளி டி செல்கள் சுற்றி வந்து மாதிரியைப் பார்க்கும். துணுக்கில் வைரஸ் தெரிந்தால் அந்தச் செல்லையே அழித்துவிடும். ஹெச்.ஐ.வி.க்கு இது தெரியும். அதனிடம் நெஃப் என்றொரு புரதம் உண்டு. மாதிரி காட்டும் எம்.ஹெச்.சி.யை வெளிப்பரப்புக்குப் போகவிடாமல் மடக்கி, செல்லின் குப்பைத் தொட்டியான லைசோசோமுக்கு அனுப்பிவிடும். டி செல் வந்து பார்க்கும், பார்க்க ஒன்றும் இருக்காது, போய்விடும்.

நெஃபை மடக்க ஒரு மருந்து வேண்டும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் காலின்ஸ் குழு தேடியது. சுமார் 2 லட்சம் செயற்கை மூலக்கூறுகளைச் சலித்தும் ஒன்றும் தேறவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெர்மன் என்பவர் நுண்ணுயிர்கள் தயாரிக்கும் இயற்கைப் பொருட்களைச் சேகரித்து வைத்திருந்தார். அவற்றில் ஏறத்தாழ 30,000 சாறுகளைச் சோதித்தபோது ஒரு ஆண்டிபயாடிக் குடும்பம் கண்ணில் பட்டது. அதில் வலுவானது கான்கனமைசின் ஏ. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா தயாரிப்பது. 2020-ல் முடிவை வெளியிட்டார்கள்: இந்த மருந்து பட்டதும் எம்.ஹெச்.சி. மறுபடி செல்லின் மேற்பரப்புக்கு வந்தது. டி செல்கள் பாதிக்கப்பட்ட செல்களை அடையாளம் கண்டு அழித்தன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கான்கனமைசின் ஏ என்பது ஆய்வகங்களில் லைசோசோமை முடக்குவதற்கென்றே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படும் நஞ்சு. அளவு கூடினால் செல்லுக்கே ஆகாது. நெஃபை மறிக்க அதைவிட மிகக் குறைந்த அளவே போதும் என்பதுதான் மிச்சிகன்காரர்களின் கண்டுபிடிப்பில் உயிர்நாடி. நஞ்சை நீக்கி நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மூலக்கூறைச் செதுக்குவது அடுத்த வேலை. அது நீண்ட வேலை.

கள்ளக்குறிச்சியில் இன்னொரு இடத்தையும் பார்த்தேன். கருணாபுரம். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இங்கும் சுற்றுவட்டாரத்திலும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கல்வராயன் என்ற பெயரைக் கேட்டதும் சாராய ஊறல் மட்டுமே நினைவுக்கு வருகிற நிலை அந்த மலைக்கு நேர்ந்த அவமானம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறுகிறேன்.

கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, அப்புறம் ஏற்றம். வளைவுகளில் ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். பாதி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, கால் மணி நேரத்தில் விட்டுவிட்டது. ஜன்னலைத் திறந்ததும் செம்மண் வாசனை பேருந்து முழுக்க நிறைந்தது.

அந்த வாசனைக்குக் காரணமான பொருள் ஜியோஸ்மின். மண்ணில் உள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் அதைத் தயாரிக்கின்றன. 1965-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அதைப் பிரித்தெடுத்தவர்கள் நான்சி கெர்பர், ஹியூபர்ட் லெஷவாலியே என்ற இருவர். இந்த லெஷவாலியே வேறொரு காரியத்துக்காகவும் நினைக்கப்பட வேண்டியவர். 1949-ல், மாணவராக இருந்தபோது, தன் ஆசிரியர் செல்மன் வாக்ஸ்மனோடு சேர்ந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து நியோமைசினைக் கண்டெடுத்தார். முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தடவும் களிம்புகள் பலவற்றில் இருப்பது அதுதான்.

அந்தக் களிம்பு மருந்து 1993-ல் ஹெச்.ஐ.வி. ஆய்வுக்குள் நுழைந்தது. மாசசூசெட்ஸில் ஜாப், ஸ்டெர்ன், கிரீன் என்ற மூவர் எழுதிய கட்டுரை என் பையில் இருந்தவற்றில் பழையது, எனக்குப் பிடித்ததும் அதுதான். வைரஸின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. இழையாக செல்லின் உட்கருவில் எழுதப்படுகிறது. மனித செல்லுக்கு ஒரு ஒழுங்கு உண்டு: ஆர்.என்.ஏ.வை வெட்டித் திருத்தி முடிக்காமல் உட்கருவுக்கு வெளியே விடாது. ஆனால் புதிய வைரஸ் பிறக்க வேண்டுமானால் வெட்டாத முழு இழை வெளியே வந்தாக வேண்டும். அதற்காக ஹெச்.ஐ.வி. ரெவ் என்றொரு புரதத்தை வைத்திருக்கிறது. இழையின் ஓரிடத்தில் உள்ள மடிப்பில் ரெவ் பற்றிக்கொண்டு அதை வெளியே இட்டுச் செல்லும். நியோமைசின் முந்திக்கொண்டு அந்த மடிப்பில் உட்கார்ந்துவிடுகிறது. ரெவ்வுக்குப் பிடி கிடைப்பதில்லை. வைரஸ் உற்பத்தி குறைகிறது.

இது மாயமில்லை. பாக்டீரியாவிடம் நியோமைசின் செய்வதும் ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டுவதுதான். அங்கே ரைபோசோமின் ஆர்.என்.ஏ., இங்கே வைரஸின் ஆர்.என்.ஏ. பிறகு ஏன் அது எய்ட்ஸ் மருந்தாகவில்லை? செல்லுக்குள் அது எளிதில் நுழையாது. ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும். தோலுக்கு மேல் நல்லது, உள்ளே ஆபத்து. ஆனாலும் அந்தக் கட்டுரை ஒரு கதவைத் திறந்தது. ஆர்.என்.ஏ.வையே குறிவைத்து ஒரு சிறு மூலக்கூறு வைரஸை மறிக்க முடியும் என்று அது காட்டியது.

கரியாலூரில் இறங்கி வெள்ளிமலைப் பக்கம் நடந்தேன். சாமையும் மரவள்ளியும் மாறி மாறி வரும் சரிவுகள். இந்த மலை நீண்ட காலம் ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. தமிழ்நாட்டின் ஒரு பகுதி சுதந்திரத்துக்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இப்படி இருந்தது என்று சொன்னால் நகரத்தில் பலர் நம்புவதில்லை. இன்று தாலுகா அலுவலகம் வெள்ளிமலையில் இருக்கிறது.

ஒரு வீட்டு வாசலில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

“எதுக்கெல்லாம் ஆகும் ஐயா?”

“எதுக்கு ஆகாதுன்னு கேளு தம்பி. வயித்துக்கு, தொண்டைப் புண்ணுக்கு, பல்லுக்கு. இழைச்சுக் குடுத்தா கைக்குழந்தைக்கும் ஆகும்.”

கொரியாவில் 2002-ல் இந்தக் கடுக்காயை எய்ட்ஸ் வைரஸுக்கு எதிராகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றேன். வைரஸின் இன்டக்ரேஸ் என்ற நொதி, வைரஸ் மரபை நம் மரபோடு தைத்துவிடும். கடுக்காயின் துவர்ப்புப் பொருட்கள் சில, சோதனைக் குழாயில் அந்தத் தையலைத் தடுத்தன என்று எனக்குத் தெரிந்த எளிய தமிழில் விளக்கினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரி, ஆள் பொழைச்சாங்களா?”

ஆளுக்குக் கொடுத்துச் செய்த சோதனை அல்ல அது என்றேன். “அப்ப இன்னும் பாதி வழிதான்” என்று மறுபடி கிளற ஆரம்பித்தார். பாதி வழி என்பதே அவர் காட்டிய தாராளம். துவர்ப்புள்ள தாவரப் பொருட்கள் சோதனைக் குழாயில் கையில் கிடைக்கும் புரதங்களையெல்லாம் பற்றிக்கொள்ளும் குணமுடையவை. குடித்தால் இரத்தத்தில் அந்த அளவுக்குச் சேர்வதும் இல்லை. ஆனால் தேர்ந்தெடுத்த குறி தப்பில்லை. இன்டக்ரேஸைத் தடுக்கும் முதல் மருந்து ரால்டெக்ராவிர் 2007-ல் அனுமதி பெற்றது. அதே வழியில் வந்த டோலுடெக்ராவிர்தான் இன்று நம் அரசு மருத்துவமனைகள் இலவசமாகத் தரும் கூட்டு மாத்திரையில் முக்கியப் பங்காளி.

பெரியவர் வீட்டு வேலியில் தம்பட்டங்காய்க் கொடி ஏறியிருந்தது. அதன் நெருங்கிய உறவான வாளவரை விதையிலிருந்து எடுக்கும் கான்கனவாலின் என்ற புரதம் டி செல்களைத் தூண்டிவிடும். அந்தத் தூண்டுதலை அடக்குகிற பொருளைத் தேடியபோதுதான் 1980-களில் ஜப்பானியர்கள் கான்கனமைசினைக் கண்டார்கள். பெயரும் அப்படி வந்தது. காலையில் விற்பனைக்கூடத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்த மருந்தின் முன்கதை இங்கே ஒரு வேலியில் காய்த்துத் தொங்கியது.

இறங்கும் வழியில் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியைப் பார்த்தேன். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. அங்கே நடந்து திரிந்த மாணவர்களைப் பார்த்தபோது பழைய மருத்துவக் கல்லூரி ஒன்றின் இரண்டு மாணவர்கள் நினைவில் வந்தார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் சொல்ல வேண்டியதாகப் பட்டது அவர்கள் கதைதான்.

ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். கதர் கட்டிக்கொண்டு வந்தது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. நன்றாகப் படித்தும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த சான்றிதழோடு வெளியேறினார். அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்து, பின் லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுத் தலைவரானார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் அங்கே பெஞ்சமின் டகர் என்ற முதியவர் மண் மாதிரிகளைச் சலித்து, பொன்னிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்றிலிருந்து ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் மூத்தது அது. 1948-ல் அது வெளியான சில காலத்தில் சுப்பாராவ் இறந்துபோனார். அதே குடும்பத்தில் அதே நிறுவனம் பின்னாளில் உருவாக்கிய மருந்து மினோசைக்ளின். முகப்பருவுக்கு எழுதித் தருவார்கள், தொழுநோய்க்கும் கொடுத்திருக்கிறார்கள்.

மற்றவர் செல்லப்பன் நிர்மலா. அதே கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி. இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்த 1985-86 காலத்தில், தேடிப் பார் என்று அனுப்பியவர் அவருடைய பேராசிரியர் சுனீதி சாலமன். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் கையுறை கூட இல்லாமல் இரத்தம் எடுத்தார். சீரத்தைப் பிரித்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சென்னையில் எலிசா என்ற இரத்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடும் கணவரோடும் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்கு ஆட்டோவில் போனார். டி. ஜேக்கப் ஜான் தலைமையிலான வைராலஜி துறையில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, தொற்று இருப்பதன் அடையாளம் அது. அந்தப் பெண்களிடம் மறுபடி இரத்தம் எடுத்து, உறுதிப்படுத்த பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் முடிவு அதேதான். மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். சுனீதி சாலமனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2017-ல், இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. நிர்மலாவின் பெயர் பொதுவெளியில் அதிகம் அறியப்படாமலே முப்பது ஆண்டுகள் போயின. அது நமக்குப் பெருமை இல்லை.

இப்போது பால்டிமோருக்கு வருவோம். அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜேனிஸ் கிளெமென்ட்ஸ் குழு 2005-ல் குரங்குகளில் சோதித்தது. குரங்கு எய்ட்ஸ் வைரஸ் பாதித்தவற்றுக்கு மினோசைக்ளின் கொடுத்தபோது மூளைப் பாதிப்பும் மூளையில் வைரஸும் குறைந்தன. 2010-ல், ஹெச்.ஐ.வி. குடியேறும் மனித சிடி4 செல்களில் காரணம் தேடினார்கள். கிடைத்த விடை எதிர்பாராதது: மினோசைக்ளின் வைரஸைத் தொடவே இல்லை. அது செல்லைத் தொட்டது. கிளர்ச்சியடைந்த சிடி4 செல்லில்தான் ஹெச்.ஐ.வி. செழித்துப் பெருகும், உறங்கிக் கிடக்கும் வைரஸ் விழிப்பதும் செல் கிளர்ச்சியடையும்போதுதான். மினோசைக்ளின் அந்தக் கிளர்ச்சியைத் தணித்தது. வைரஸ் மருந்துகளுக்குத் தப்பி உருமாறிக்கொள்ளும்; மனித செல் அவ்வளவு வேகமாக மாறாது. ஆய்வாளர்களுக்கு ஆர்வம் வந்ததில் ஆச்சரியமில்லை. மலிவான, பழைய, மூளை வரை போகக்கூடிய மாத்திரை அல்லவா?

கடுக்காய்ப் பெரியவரின் கேள்வியை அமெரிக்காவிலும் உகாண்டாவிலும் முறைப்படி கேட்டார்கள். ஹெச்.ஐ.வி.யால் நினைவும் சிந்தனையும் மங்கியவர்களில் ஒரு பாதிக்கு மினோசைக்ளின், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. 2011, 2013 ஆண்டுகளில் முடிவுகள் வந்தன. வித்தியாசம் தெரியவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து கிளம்பிய இரண்டு தடங்கள் பால்டிமோரில் சந்தித்து, இப்படி முட்டி நின்றன.

இதை வைத்து ஆய்வகத்தைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி.யே 1964-ல் புற்றுநோய்க்காகச் செய்து, பலிக்காமல் ஓரம் வைக்கப்பட்டது. பழைய அலமாரியைத் துழாவியதால்தான் 1987-ல் அது உயிர் பெற்றது. என் கோபம் வேறு பக்கம். குழாயில் நடந்ததை எடுத்து ‘எய்ட்ஸுக்கு மருந்து கிடைத்தது’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேலும், அதே வாசகத்தைப் போஸ்டராக ஒட்டி லேகியம் விற்றவர்கள் மேலும்தான். மாத்திரையை நிறுத்திவிட்டு லேகியத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சம் பேர் இல்லை.

மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஒருவரிடம் பேசியிருந்தேன். கர்ப்பிணிகளுக்கு முதல் செக்கப்பிலேயே ஹெச்.ஐ.வி. பரிசோதனை நடக்கிறது என்றார். “டெஸ்ட் பிரச்சினை இல்ல சார். மிளகு பறிக்க, காப்பித் தோட்ட வேலைக்குன்னு கேரளா, கர்நாடகா போயிடுறாங்க. மாத்திரை தீர்ந்தா அங்க யாரைக் கேக்கறதுன்னு கூச்சம்.”

ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆண்டிபயாடிக் உண்மையாகவே உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. எதிர்ப்புச் சக்தி சரிந்தவருக்கு நிமோனியா வராமல் தடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை, காசநோய்க்கான ரிஃபாம்பிசின். பின்னதிலும் கவனம் வேண்டும்: அது டோலுடெக்ராவிரின் அளவை உடலில் குறைத்துவிடும் என்பதால் டோலுடெக்ராவிரை இரட்டிப்பாக்கித் தருகிறார்கள். சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, ஹெச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் மருந்து தந்தால் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி உருவாகிறது, தினமும் தருவதே தேவை என்று காட்டியது. பால்டிமோர் முடிவுகளை விட, மிளகு பறிக்கப் போகும் மலையாளிப் பழங்குடிக்கு இந்தச் சேத்துப்பட்டு முடிவு பெரிது.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ ஐயம் இருந்தால், அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை இருக்கும் அறைக்குப் போங்கள். பரிசோதனை இலவசம். கூட்டு மருந்தும் 2004 முதல் இலவசம். இப்போது பெரும்பாலோர்க்கு நாளுக்கு ஒரு மாத்திரை. உங்கள் நிலையை ஒப்புதலின்றி வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மெடிக்கல் ஷாப் ஆண்டிபயாடிக்கோ கடுக்காயோ அந்த மாத்திரைக்கு ஈடாகாது. வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் கூடுதல் மாதங்களுக்கு மாத்திரை கேட்டு வாங்கலாம். எந்த ஊரில் இருந்தாலும் 1097 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.